சமவெளிக்குச் சுருதி சேர்த்தல்

கேமரன் மலையில் இருந்துகொண்டு ஒரு பழைய மோட்டார்சைக்கிளைக் கடல்கடந்த பிரயாணத்துக்குத் தயார் செய்கிறவர் இழைக்கக்கூடிய பிழைகளுள் முதன்மையானது, வேலையை மலையிலேயே முடித்துவிட்டதாக எண்ணித் திருப்தி அடைவதுதான். அங்குள்ள தானா ராத்தா என்ற ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வீசும் காற்று கடற்கரைக் காற்றைவிட எட்டில் ஒரு பங்கு மெலிந்தது. அந்த மெலிந்த காற்றுக்கு அளவாகப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்து, எஞ்சினைக் கணீரென்று பேசவைத்துவிட்டு, அதே கோலத்தில் அடிவாரத்திலுள்ள தாப்பாவுக்கு இறக்கினால், அடர்ந்த காற்றைக் குடிக்கும் அந்த யந்திரத்துக்குப் பெட்ரோல் போதாமல் போய், உள்ளே உஷ்ணம் ஏறி, நெடுஞ்சாலையில் சற்று வேகமாகப் போகலாம் என்று ஆசைப்படுகிற வேளை பார்த்துப் பிஸ்டன் உருளைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நாகசுர வித்துவானின் வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளை அலங்காரம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. ஊரின் ஈரமும் வெயிலும் அறிந்து, அன்றைக்குப் பேசுகிற சீவாளி எதுவென்று தேர்ந்துகொள்வதற்காகவே அவை அங்கே இருக்கின்றன. கார்புரேட்டரில் திருகிவைக்கும் ஜெட் என்ற சிறிய பித்தளைத் துண்டும் அத்தகையதே. அமால் கம்பெனியின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண், ஒரு நிமிஷத்தில் அந்தத் துவாரத்தின் வழியே எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் ஓடும் என்பதைக் குறிப்பது. விஷயம் தெரிந்த பிரயாணி மூன்று நான்கு எண்களை ஒரு கம்பியில் கோத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மலையிறங்குவார்.

இதை எனக்குக் கற்பித்தவர் ரிங்லெட்டில் இருக்கும் ஒரு நண்பர். அவருடைய தகப்பனார் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஒரு பி.எஸ்.ஏ. எம்20 வண்டியை வாங்கி, தோட்டத்துக்கும் தாப்பாவுக்குமாக இருபது வருஷம் ஓட்டியவர். அந்த வண்டியை நாகப்பட்டினம் வரையில் ஓட்டிக்கொண்டு போய், தகப்பனார் கப்பலேறிய துறையில் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது மகனின் விருப்பம். விருப்பம் பெரியதா சிறியதா என்பது நம் ஆராய்ச்சிக்கு உரியதல்ல. அதற்காக ஒன்பது மாதம் அவர் அந்த வண்டியின் அருகில் உட்கார்ந்து செய்த காரியங்களைத்தான் ஒரு கச்சேரியைக் கேட்பதுபோல நான் அநுபவித்தேன்.

எம்20 அழகிய வண்டி அன்று. 1937 முதல் 1955 வரையில் பர்மிங்ஹாமில் உற்பத்தியாகி, இரண்டாம் உலக யுத்தத்தில் ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் படைகளுக்குப் போயின என்பார்கள். உருளையின் விட்டம் 82 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 94 மில்லிமீட்டர், கொள்ளளவு 496 சி.சி.; இத்தனை பெரிய வயிறு இருந்தும் அது தருவது 13 குதிரை சக்திதான். தோட்டத்துப் பையன்கள் ஓட்டும் கப்சாய் என்ற 150 சி.சி. சிறு வண்டி அதைவிட அதிகம் தந்துவிடும். ஆனால் இதன் வால்வுகள் பிஸ்டனின் தலைக்கு மேல் நில்லாமல் பக்கத்தில் நிற்கின்றன; ஆதலால் எஞ்சினின் தலை என்பது வெறும் மூடியாகவே அமைந்து, நாலைந்து ஸ்பேனர் இருந்தால் சாலையோர மரத்தடியில் அதைக் கழற்றி, கரியைச் சுரண்டி எடுத்து, மறுபடி பூட்டிவிட்டுத் தேநீர் ஆறுவதற்குள் புறப்படலாம் என்ற நிலையைத் தருகிறது. அழுத்தம் குறைந்த எஞ்சின் ஆகையால் எந்த நாட்டுப் பெட்ரோலும் அதற்கு ஆகாது என்பதில்லை. அதன் சப்தத்தைச் சொல்ல வேண்டுமானால், இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு நெல் குத்தும்போது எழுகிற அந்த நிதானமான ஓசையைத்தான் சொல்ல வேண்டும். மூடுபனிக்குள் ஹபு பக்கத்து வளைவில் அது ஏறி வருவதை, வண்டி கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்னமே காதால் அறிந்துகொள்ளலாம்.

அந்த மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு எழுதிவைத்ததால் அவர் பெயர் பெற்றது. 1929இல் ரஸ்ஸல் துரை தொடங்கிய போ தோட்டமும், 1933இல் வடநாட்டுக் குடும்பம் ஒன்று தொடங்கிய பாரத் தோட்டமும் அதன் சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கின. காடு வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் பெரும்பாலும் நம்மவர்களின் கைகள். மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது; ஆயினும் வெகுகாலம் வரையில் அதற்கு ஏறும் வழி பேராக்கில் உள்ள தாப்பாவிலிருந்துதான் இருந்தது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர், எண்ணி மாளாத வளைவுகள், லாத்தா இஸ்கந்தர் அருவி, ஓராங் அஸ்லி மக்கள் காட்டுத் தேனும் பெத்தாயும் விற்கும் குடில்கள். பழைய வண்டியைப் பரீட்சிப்பதற்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைப்பது அரிது. ஏறும்போது எஞ்சினின் பொய்யும், இறங்கும்போது பிரேக்கின் பொய்யும் ஒரே நாளில் வெளிப்பட்டுவிடும்.

தயார் செய்வது என்றதும் பலர் முலாம் பூசுவதைத்தான் நினைக்கிறார்கள். குரோமியம் பளபளக்க, பெட்ரோல் தொட்டியில் தங்கக் கோடு ஓட, கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்திவைத்த வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவை எனக்கு நகைக்கடையில் மாட்டிவைத்த வீணையைத்தான் நினைப்பூட்டுகின்றன. என் நண்பர் தொட்டியில் தகப்பனாரின் முழங்கால் உராய்ந்து தேய்ந்த இடத்துக்கு வர்ணம் பூச மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் கைக்கொண்ட விதி ஒன்று உண்டு: தம் கையால் ஒரு தடவையாவது கழற்றிப் பூட்டப்படாத திருகு ஒன்றுகூட வண்டியில் இருக்கலாகாது. தேசாந்தரத்தில் அடைமழையில் ஒரு திருகு அசைய மறுத்தால், அது முன்பு எப்படி அசைந்தது என்ற ஞாபகம் விரலில் இருக்க வேண்டுமாம். இந்த வண்டியின் திருகுகளோ பெரும்பாலும் விட்வொர்த் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த அந்தக் கணக்கில், ஸ்பேனரின்மேல் உள்ள எண் திருகுத் தலையின் அகலத்தைச் சொல்லாமல், தண்டின் பருமனைச் சொல்லும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கொண்டு அதை அணுகினால் மூலைகள் மழுங்கிப் போகும். வழியில் எந்தப் பட்டறையிலும் கடன் வாங்க முடியாது. ஆகவே எட்டு ஸ்பேனர்களை ஒரு கித்தான் உறையில் சுருட்டி, தாமே தைத்த தோல் வாரால் கட்டி, இருக்கைக்கு அடியில் வைத்தார். எட்டுக்கு மேல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று நாங்கள் ஒரு மாலை முழுவதும் விவாதித்திருக்கிறோம்.

வேலையின் சிகரம் மக்னெட்டோ. பாட்டரி செத்தாலும் தானே மின்பொறி பிறப்பித்துக்கொள்கிற இந்த லூக்காஸ் சாதனம் இருப்பதனாலேயே எம்20 தூரப் பிரயாணத்துக்குத் தகுதி பெறுகிறது. ஆயினும் இதன் சுருளில் உள்ள செம்புக் கம்பிகளை ஒட்டிவைத்திருப்பது நாம் நன்கறிந்த அரக்குதான். அரக்கு மாளிகையின் கதை தெரிந்த ஜாதி நாம்; எரிகிற வஸ்துவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாகாது என்பது நமக்குப் புராண காலத்துப் பாடம். வருஷக்கணக்கான மலை ஈரத்தை உறிஞ்சிய அரக்கு, எஞ்சினின் சூட்டில் நெகிழ்ந்து வழிந்து, குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும் வண்டியைச் சூடேறியதும் ஊமையாக்கிவிடும். எந்த மெக்கானிக்கும் இதைக் காலையில் கண்டுபிடிக்க முடியாது. மத்தியானம் நடுவழியில்தான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். பழைய அரக்கையெல்லாம் களைந்து, புதிய கம்பி சுற்றி, சூட்டுக்கு இளகாத பிசினில் தோய்த்து எடுத்த பிறகு, நண்பர் அதை அடுப்பங்கரையில் கதகதப்பான இடத்தில் இரண்டு வாரம் வைத்திருந்தார். பிறகு பாயின்ட்டின் இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பாகமாக வைத்து, தகட்டை நுழைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்தார். "இழுத்துப் பாரு தம்பி. வெண்ணெயிலேருந்து கத்தியை எடுக்கிற மாதிரி இருக்கணும்." பையன் இழுத்துவிட்டு, "கொஞ்சம் பிடிக்குதுண்ணே" என்றான். நண்பர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். மறுபடி திருகைத் தொட்டார். பையன் சொன்னது சரி.

எண்ணெய் விஷயத்தில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. இவ்வகை வண்டியில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். வண்டி சில வாரம் சும்மா நின்றால், பம்பில் உள்ள சிறு குண்டு சரியாக அடைக்காமல், எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் போய்த் தேங்கிவிடும். கப்பலில் மூன்று வாரம் கிடக்கப் போகும் வண்டிக்கு இது பெரிய தொல்லை. குழாயில் ஓர் அடைப்பான் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றேன் நான், புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. அதைத் திறக்க ஒரே ஒரு தடவை மறந்துபோனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். கசிவு ஒரு கோப்பை எண்ணெயை வீணாக்கும். மறதியோ எஞ்சினையே தின்றுவிடும். குண்டு உட்காரும் இடத்தைப் பக்குவமாகத் தேய்த்துச் சரிசெய்து, மிச்சக் கசிவைத் துறைமுகத்தில் அடித்திருகைத் திறந்து வடித்துக்கொள்வதென்று முடிவாயிற்று. தம் மறதியையும் ஓர் உதிரிப்பாகமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இந்தக் கலையின் சூட்சுமம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

சக்கரம் கட்டும் வேலையைக் காதால் ரசிக்கலாம். மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டி நாலு புறமும் ஒரே நாதம் வரச் செய்வதுபோல, ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, மந்தமாகப் பேசுவதை இறுக்கி, கூச்சலிடுவதைத் தளர்த்தி, சுற்றி வந்து முடிக்க ஒரு முழுப் பகல் ஆயிற்று. பின்புறம் ஸ்பிரிங்கே இல்லாத சட்டம் இது. சாலையின் ஒவ்வொரு குழிக்கும் பதில் சொல்ல வேண்டியவை டயரும் கம்பிகளும் இருக்கையின் சுருள்களுமே. டயரின் அளவு 3.25-19. திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டுக்கும் இதே அளவுதான் என்பது ஒரு நல்ல சகுனம். சென்னையில் இறங்கியபின் டயருக்கு அலைய வேண்டியதில்லை.

தாய்லாந்து வழியே ஒரு சுற்றுப் பரீட்சைக்குப் போய்வந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே பெரும்பாலான பம்புகளில் கிடைப்பது சாராயம் கலந்த பெட்ரோல். அது பழைய தொட்டியின் துருவைக் கிளப்பி, பெட்ரோல் குழாயின் தக்கையை நலியச் செய்துவிடும். தக்கையைப் புதுப்பிப்பதும், கலப்பில்லாத பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்வதும் அற்பமான காரியங்கள்தான். முந்நூறு மைல் தாண்டிய பிறகு அவை அற்பமாகத் தோன்றுவதில்லை.

தரை மார்க்கமாகவே இந்தியா போகலாம் என்றும் முதலில் ஒரு யோசனை இருந்தது. மியன்மாரைக் கடந்தால் மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊர்; பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்கள் குடியேறி, கோயிலும் கட்டி வாழ்கிற இடம். அந்நாட்டின் நிலைமை அந்த வழியை அடைத்துவிட்டது. கடல் வழியோ நமக்குப் பழையது. ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று மனிதர்களைச் சுமந்தது. 1973இல் லண்டனிலிருந்து ஒரு டிரையம்ஃப் டைகரில் புறப்பட்டு நான்கு வருஷம் உலகைச் சுற்றிய டெட் சைமன் பினாங்கிலிருந்துதான் சென்னைக்குக் கப்பலேறினார்; 1980களில் பி.எம்.டபிள்யூ. வண்டியில் தனியே உலகம் சுற்றிய எல்ஸ்பெத் பியர்ட் என்ற பெண்மணியும் அவ்வழியே சென்றவர். இன்று அத்தகைய பிரயாணிக் கப்பல் இல்லை. வண்டி தனியே, மரப்பெட்டிக்குள், முன்சக்கரம் கழற்றி, பெட்ரோல் வடித்து, கிள்ளானிலிருந்து சரக்காகப் போக வேண்டும்; அதோடு கார்னே என்ற சுங்க உறுதிச் சீட்டும் போக வேண்டும். அந்தச் சீட்டில் உள்ள எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருப்பதோடு, படிக்கும்படியாகவும் இருப்பது அவசியம். அழகுக்காக எண்ணின்மேல் கெட்டியாக வர்ணம் பூசிவிட்டு, சுங்க அதிகாரியின் முன்னால் சுரண்டிக்கொண்டு நின்றவர்களின் கதைகள் பல உண்டு.

கடைசிப் பரீட்சையன்று நானும் பின்னால் ஒரு வண்டியில் இறங்கினேன். விடியற்காலை, கொழுந்துச் செடிகளின்மேல் பனி கலையவில்லை. ரிங்லெட்டைத் தாண்டியதும் அவர் கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியிலேயே வளைவு வளைவாக இறங்கினார். பிரேக்கைத் தொட்டதாகவே தெரியவில்லை. தாப்பாவுக்கு வெளியே சமதரையில் ஐந்து மைல் நன்றாக முடுக்கி ஓட்டி, ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து, ஒரு மாமரத்தடியில் ஒதுங்கி நின்றார். பிளக்கைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பீங்கான், எலும்புபோல வெளுத்திருந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் பையில் இருந்த கம்பியை எடுத்து, ஓர் எண் பெரிய ஜெட்டைத் தேர்ந்து பூட்டி, மறுபடி ஐந்து மைல் ஓட்டிவிட்டு வந்தார். இந்தத் தடவை பிளக்கின் நிறம் எதிரே சாயாக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த தே தாரிக்கின் நிறமாக இருந்தது. அவர் அதைத் துணியில் துடைக்காமல், அப்படியே மறுபடி திருகிவைத்தார்.