ஹெரால்டின் பானெட்டுக்கு அடியில்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே தனி சுகம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள். விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் காரின் முகமே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். ரேடியேட்டர் முதல் கடைசி சிலிண்டர் வரை எதுவும் ஒளிந்திருக்காது. மெக்கானிக் முன் டயர்மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். காரைப் பழுது பார்க்கிறவனின் முதுகையும் மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள்.

காட்டுப்பள்ளியில் நண்பர் ஒருவர் அப்படியொரு இரண்டு கதவு ஹெரால்டை வைத்திருக்கிறார். அதற்கு எஞ்சினும் கியர் பாக்ஸும் மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. 948 சிசி எஞ்சின் தரும் சுமார் 35 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டுவது சிரமம்தான். முதல் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது என்பதால், ஊர்ந்து போகும் நெரிசலில் ஏறக்குறைய நின்றால்தான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் இந்தக் காரின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

1950களில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம், போட்டிக் கம்பெனியான பிஎம்சியின் கைக்குப் போனது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. எனவே தனி சேஸ் போட்டு, பாடியைத் துண்டுதுண்டாகச் செய்து போல்ட்டால் இணைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோத்தி. 1959-ல் இங்கிலாந்தில் வந்த இந்தக் கார், 1961 முதல் நம் வண்டலூர்த் தொழிற்சாலையில் உருவானது. 1962-ல் இதே சேஸின் நீளத்தைக் குறைத்துச் செய்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் ஊர்க் குடும்பக் காரும் அந்த ஸ்போர்ட்ஸ் காரும் உடன்பிறப்புகள்.

எஞ்சினும் அப்படியே. 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கிய வம்சம் அது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 76 மில்லிமீட்டர். அதை மாற்றாமல் சிலிண்டரின் விட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள்: 58, 63, 69.3, 73.7. அதற்கேற்ப 803, 948, 1147, 1296 சிசி. பிறகுதான் ஸ்ட்ரோக்கை 87.5 ஆக நீட்டி 1493 ஆக்கினார்கள். இவ்வளவு வளர்ந்தும் சேஸில் உட்காரும் இடம் மாறவில்லை. ஸ்பிட்ஃபயரின் 1147 எஞ்சின் இரட்டை எஸ்யு கார்புரேட்டருடன் 63 குதிரைத்திறன் தந்தது. ஹெரால்டின் சேஸில் ஒரு வெட்டோ வெல்டிங்கோ இல்லாமல் அது இறங்கிவிடும். இந்த ஒரு சங்கதிக்காகவே அந்த எஞ்சினியர்களைக் கும்பிடலாம்.

மாருதி ஈகோவில் 2022 வரை வந்த 1196 சிசி எஞ்சினைப் போடலாமே என்றும் பேச்சு வந்தது. நீளவாக்கில் உட்காரும் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், ஐந்து கியர், ஸ்பேர் தாராளம். எல்லாம் சரிதான். ஆனால் மவுண்டிங் புதிதாக வெல்டு செய்ய வேண்டும், வயரிங் முழுதும் மாற வேண்டும். பானெட்டைத் தூக்கினால் வேறொரு கார் தெரியும். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கியர் பாக்ஸ் கழற்றும் முறை இன்னும் அழகு. காருக்கு அடியில் படுக்க வேண்டாம். சீட்டையும் நடுவில் உள்ள அட்டை மூடியையும் எடுத்துவிட்டால், கியர் பாக்ஸ் காருக்குள்ளிருந்தே வெளியே வரும். 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ன் கியர் பாக்ஸில் நான்கு கியருக்கும் சின்க்ரோ உண்டு. நண்பருக்குத் தேவை அதுதான். கவனிக்க வேண்டியது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு வெண்கலப் புஷ். கிராங்கின் பின்முனைத் துளையில் உட்கார்ந்து, கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது அது. எஞ்சின் ஒரு காலத்தது, கியர் பாக்ஸ் வேறு காலத்தது என்றால் இந்த அளவு ஒத்துப்போகாமல் போகலாம். அளந்து லேத்தில் கடைந்து போட்டுவிட்டால் முடிந்தது. அளக்காமல் மாட்டினால் புது கிளட்ச்சும் சேர்ந்து வீண்.

பின் அச்சையும் மறக்கக் கூடாது. 948 ஹெரால்டின் டிஃபரென்ஷியல் விகிதம் 4.875, 1147 போட்ட ஹெரால்டு 1200-க்கு 4.11. பெரிய எஞ்சினைப் போட்டு, டிஃபரென்ஷியலின் பழைய கிரவுன் பினியனை விட்டுவைத்தால் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். மாற்றினாலோ ஸ்பீடாமீட்டர் தவறும், ஏனென்றால் அதன் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருகிறது. முள் 50 காட்டும்போது வண்டி 59-ல் போய்க்கொண்டிருக்கும். மீட்டரையும் திருத்தியாக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் சேஸைத் தட்டிப் பார்க்க வேண்டும். பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் துரு முதலில் பிடிக்கும். காட்டுப்பள்ளியின் உப்புக் காற்றில் சொல்லவே வேண்டாம்.

பழைய ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் மாற்றுவதானால் ஆர்டிஓ அனுமதி பெற்று, புது எஞ்சினின் எண்ணை ஆர்சியில் ஏற்றுங்கள். கழற்றிய 948-ஐ மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பழங்கால வாகன விதி, சேஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் 'விஏ' பதிவெண் தருகிறது. எண் பொறித்த அசல் எஞ்சினை எண்ணெய் பூசி, துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள். போல்ட்டைக் கழற்றி அதைத் திரும்ப இறக்க ஹெரால்டு என்றைக்கும் இடம் கொடுக்கும்.