பாக்கி இருந்தால் மட்டும் வாருங்கள்

2024 கிறிஸ்துமஸ் இரவு பிபிசி ஒன் அலைவரிசையில் ‘கேவின் அண்ட் ஸ்டேசி’ தொடரின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானது. அந்த ஓர் இரவுக் கணக்கில் மட்டும் சராசரியாக 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்தார்கள். 2010இல் முடிந்துபோன தொடர் அது. 2019இல் ஒருமுறை திரும்பி வந்து, ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் வந்தது. வீட்டில் ஆளுக்கொரு திரை இருக்கும் காலத்தில், ஒரு நாடே ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தது ஒரு மறுசந்திப்பைத்தான். நமக்குத் தீபாவளிப் பட்டிமன்றம் எப்படியோ, பிரிட்டிஷ்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் இரவுச் சிறப்பு அத்தியாயம் அப்படி.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஒரு கேள்வி, அவர்களுக்குப் பிடித்ததா என்பது வேறு கேள்வி. லண்டனின் ஒளிபரப்பு உலகம் இதை வெகுகாலமாகவே அறியும். 1936இல் ராபர்ட் சில்வியின் தலைமையில் பிபிசி நேயர் ஆய்வைத் தொடங்கியது. 1981 முதல் ‘பார்ப்’ அமைப்பு எண்ணிக்கையைத் தருகிறது. பார்த்தவர்களே நிகழ்ச்சிக்கு மதிப்பெண் போடும் முறையும் தனியாக உண்டு. பத்திரிகைத் தலைப்பில் எண்ணிக்கைதான் வரும், மதிப்பெண் பெரும்பாலும் வராது. மறுசந்திப்புகளைப் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கிருந்தே வருகிறது. பழைய பாசத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். திட்டுவதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான்.

இதற்கு ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ தொடரைவிட நல்ல சான்று கிடையாது. ஜான் சல்லிவன் எழுதி 1981இல் தொடங்கிய இந்தத் தொடர், தென்கிழக்கு லண்டனின் பெக்கமில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் டெல், ரோட்னி என்ற அண்ணன் தம்பியின் கதை. மூன்று சக்கர மஞ்சள் வண்டியில் திருட்டுச் சரக்கையும் ஓட்டைச் சரக்கையும் ஏற்றிப்போய் விற்பவர்கள். அடுத்த வருஷம் இந்நேரம் நாம் கோடீஸ்வரர்கள் என்று டெல் சொல்லிக்கொண்டே இருப்பான். 1996 டிசம்பர் 29 அத்தியாயத்தில் அது பலித்தேவிட்டது. கடலில் தீர்க்கரேகையை அளக்கும் வழியைக் கண்ட ஜான் ஹாரிசனின் தொலைந்துபோன கடிகாரம் ஒன்று அவர்களுடைய குப்பைச் சாமான்களுக்குள் கிடக்கிறது, ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகிறது. ஹாரிசனின் உண்மையான கடிகாரங்கள் இருக்கும் கிரீனிச் வானாய்வுக்கூடம் பெக்கமிலிருந்து சில மைல் தூரம்தான். அதுவரை பார்த்துச் சிரித்த ஜனங்களுக்கு அந்தத் திருப்பம் இன்னும் இனித்திருக்கும். பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் எதன் அத்தியாயத்துக்கும் அதற்கு மேல் கூட்டம் வந்ததில்லை.

2001 கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் வந்தார்கள். மத்திய அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து போட்ட பணமெல்லாம் போய்விட்டதாகக் கதை. அண்ணன் தம்பி திரும்பவும் பழைய வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். 2 கோடிக்கும் மேல் பார்த்தார்கள், அன்றைக்கே பலருக்குக் கசந்தும் போனது. நகைச்சுவை குறைந்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கசப்பின் வேர் வேறு. பதினைந்து ஆண்டு கூடவே நடந்து, ஒரு ஏழை ஜெயித்ததைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைத்தவனிடம் வந்து, அதெல்லாம் இல்லை என்று சொன்னால் அவன் எப்படிச் சிரிப்பான்? டெல்லாகவும் ரோட்னியாகவும் வந்த டேவிட் ஜேசனும் நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட்டும் நடிப்பில் எதையும் குறைத்துவிடவில்லை. எழுதியவரும் அதே சல்லிவன்தான். 1996இன் கணக்கு முடிந்து ரசீதும் கொடுத்தாகிவிட்டது, அதைத் திரும்பத் திறந்ததுதான் தவறு.

2003இல் வந்த கடைசிச் சிறப்பு அத்தியாயத்தை அந்த வரிசையில் நான் சற்று உயர்வாகவே வைப்பேன். ரோட்னியின் உண்மையான தகப்பன் யார் என்ற சந்தேகம் தொடரில் வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. அது நியாயமாகவே கொடுக்க வேண்டிய பாக்கி.

பாக்கி உண்டா என்ற இந்த அளவுகோலை மற்ற தொடர்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். மான்செஸ்டர் குடும்பம் ஒன்று சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைத் தவிர வேறெதுவும் நடக்காத ‘தி ராயல் ஃபேமிலி’, ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் திரும்பி வந்தது. பாட்டி சாவதுதான் கதை. நகைச்சுவைத் தொடர் மரணத்தைக் கையில் எடுப்பது ஆபத்து. ஆனால் பாட்டி ஒருநாள் போய்த்தானே ஆகவேண்டும்? அந்த அத்தியாயத்துக்கு பாஃப்டா விருது கிடைத்தது. அதன் பிறகும் சில கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள், அவற்றை அந்த அளவுக்கு யாரும் கொண்டாடவில்லை. ‘கேவின் அண்ட் ஸ்டேசி’யோ 2019இல் வேண்டுமென்றே கடன் வைத்துவிட்டுப் போனது. ஸ்டேசியின் தோழி நெஸ்ஸா மண்டியிட்டு, கேவினின் நண்பன் ஸ்மித்தியிடம் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டாள், பதில் வருவதற்குள் அத்தியாயம் முடிந்தது. 2024இல் கூடிய கூட்டம் அந்தப் பதிலை வாங்க வந்த கூட்டம்.

அந்தத் தொடரை ரூத் ஜோன்ஸோடு சேர்ந்து எழுதிய ஜேம்ஸ் கார்டன்தான் 2021 மே மாதம் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்: தி ரீயூனியன்’ நிகழ்ச்சியின் தொகுப்பாளர். அமெரிக்கத் தொடர்தான், ஆனாலும் பிரிட்டனில் ஸ்கை ஒன் அலைவரிசைக்கு அது சாதனை அளவுக்குக் கூட்டம் சேர்த்தது. அதில் தொடரின் ஆறு முதன்மை நடிகர்களும் பாத்திரங்களாக வரவில்லை, தாங்களாகவே வந்து பழைய செட்டில் உட்கார்ந்து பழைய வசனங்களை வாசித்தார்கள். கதையைத் தொடவில்லை, அது புத்திசாலித்தனம். பெரும்பாலான ரசிகர்களுக்கு அந்த வாசிப்பு பிடித்தது. பிரபல விருந்தாளிகளும் ஆடை அணிவகுப்பும் எதற்கு என்ற எரிச்சலும் பரவலாக இருந்தது. எனக்கும் அதே எரிச்சல். 2023 அக்டோபரில் அந்த அறுவரில் ஒருவரான மேத்யூ பெர்ரி இறந்த பிறகு, அதே நிகழ்ச்சியை மறுபடி பார்க்கிறவர்களின் கண் அவர் ஒருவர் மீதே போய் நிற்கிறது.

கதையைத் தொடாமல் கூடும் இந்த வழியை ‘ஃபால்டி டவர்ஸ்’ முன்பே காட்டியிருக்கிறது. 1975இலும் 1979இலுமாக மொத்தம் பன்னிரண்டே அத்தியாயங்கள். 2009இல் கோல்ட் அலைவரிசைக்காக நடிகர்கள் நினைவுகளைப் பகிர வந்தார்கள். தொடரைப் பற்றி முப்பது ஆண்டு வாய் திறக்காதிருந்த நடிகை கானி பூத்தும் பேசினார். பாசில் ஃபால்டி என்ற பாத்திரம் மட்டும் வரவில்லை. அந்தப் பன்னிரண்டின் மரியாதை இன்றுவரை குறையாததற்கு அதுவும் ஒரு காரணம். ‘மான்ட்டி பைத்தான்’ குழு 2014 ஜூலையில் ஓ2 அரங்கில் பத்து இரவு ஆடியது வேறு வகை. முதல் காட்சிக்கான டிக்கெட்டுகள் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்தன. வந்தவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, மனப்பாடமாகத் தெரிந்ததையே கேட்கத்தான் போனார்கள்.

நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ 1996இல் வானொலியில் தொடங்கி 1998இல் பிபிசி டூவுக்கு வந்தது. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயால், நினா வாடியா, குல்விந்தர் கிர் நால்வரும் வெள்ளைக்காரரின் இந்திய உணவக நடத்தையை அப்படியே தலைகீழாக்கி, பம்பாயில் ‘இங்கிலீஷ் சாப்பாடு’ சாப்பிடப் போகும் கும்பலாக வந்த காட்சி இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. பிபிசி டூவின் பொன்விழாவுக்காக 2014இல் அவர்கள் மீண்டும் கூடினார்கள். துண்டுக் காட்சிகளாலான நிகழ்ச்சிக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, அதனால் கெடுக்கவும் எதுவும் இல்லை. அதற்கு வரும் சோதனை வேறு: 1998இல் துணிச்சலாக இருந்த கேலி, ஆசிய முகங்கள் திரையெங்கும் வந்துவிட்ட பிறகும் துணிச்சலாக இருக்குமா? இல்லை என்பதுதான் என் கணிப்பு. அவர்கள் வென்றுவிட்டதே அதற்குக் காரணம்.

‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’க்குச் சுமார் இருபது ஆண்டு முன்னால், 1977இல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனில் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடங்கியது. இலங்கையிலும் இந்தியாவிலும் நம்மவர் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தது. ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டார் வகுப்பில் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். இனக் கேலி அதிகம் என்று 1979இல் நிறுத்தினார்கள். 1980களின் நடுவில் சில பழைய முகங்களோடு 13 அத்தியாயங்கள் எடுக்கப்பட்டு, பிரிட்டனின் சில வட்டாரங்களில் மட்டும் ஓடின, வந்ததும் போனதும் தெரியவில்லை. அந்த மாணவர்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தொடர் ஒருபோதும் பெரிதாகக் கேட்டதில்லை. எனவே யாருக்கும் அது எந்தக் கதையையும் மீதி வைக்கவில்லை.

ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ரோமேஷ் ரங்கநாதன் 2018இல் ஸ்கையில் ‘தி ரிலக்டன்ட் லேண்ட்லார்ட்’ தொடரை உருவாக்கி நடித்திருக்கிறார். ஆனால் ஈஸ்ட் ஹாம் சாப்பாட்டுக் கடையையோ டூட்டிங் கோயில் நிர்வாகக் கூட்டத்தையோ வைத்து ஊரே கூடிப் பார்க்கும் தொடர் ஒன்று இன்னும் வரவில்லை. பழைய தொடர்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதை லண்டன் தமிழர்கள் மற்றவர்களுக்கு விட்டுவிடலாம். பிபிசியின் எழுத்தாளர் பிரிவு புதியவர்களின் நகைச்சுவைப் பிரதிகளுக்கு அவ்வப்போது அழைப்பு விடுக்கிறது. அடுத்த அழைப்பு வரும்போது எழுதி அனுப்புங்கள்.