உப்பிட்டவர் யார்?

உவமை என்பது பாட்டுக்குப் பூட்டும் நகை என்று புலவர் பலர் இன்றும் எண்ணுகின்றனர். நகையென்றே வைத்துக்கொள்வோம். அந்நகை எவர் கழுத்தில் மின்னுகிறது, எவர் முதுகின் வடுவை மறைக்கிறது என்று கேட்கும் உரிமையாவது நமக்கு உண்டன்றோ?

வானூர் வட்டாரக் கடற்கரையோடு வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வெந்து உப்பை வாரிக் குவிக்கின்றனர் ஆடவரும் பெண்டிரும். வரப்பில் நின்று பார்க்கும் கவிஞர் 'வெள்ளிமலை' என்கிறார். 'முத்துக் குவியல்' என்கிறார். பொய்யன்று, வெண்மை கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. அவ்வெண்மை வாரியவர் கண்ணைக் கூசவைத்ததும், உவர் அவர் பாதத்தை அரித்ததும் மட்டும் உவமைக்குள் வரவேயில்லை!

தொல்காப்பியரோ உவமை பிறக்க நான்கு வழி சொன்னார்: வினை, பயன், மெய், உரு. முதலில் நிற்பது வினை. கவிஞர் மயங்கும் நிறம் அடங்கிய உரு கடைசியில்! செய்யுள் ஓசைக்காக அப்படி வைத்தார் என்று வாதிடுவோர் வாதிடட்டும். உள்ளுறை உவமத்துக்கு நிலமாகக் கருப்பொருள்களைக் கூறியபோது தெய்வத்தை மட்டும் விலக்கினாரே, அதற்கு என்ன சொல்வர்? தெய்வம் வெளியே நின்றது. மக்கள் செய்யும் தொழில் உள்ளே இருந்தது.

அந்த வழியில் வந்த நற்றிணையின் 331ஆம் பாட்டு, உப்பு விளைப்போரை உழாத உழவர் என்கிறது. எருதில்லை, ஏரில்லை, ஆயினும் பாத்தி உண்டு, பாடு உண்டு, விளைச்சல் உண்டு. நிறத்தைப் பாராமல் வினையைப் பார்த்த கண் அது! குறுந்தொகை 165இல் பரணர், தலைவியின் கருங்கூந்தலைக் கண்டு அழிந்த நெஞ்சுக்குப் பெருமழையில் சிக்கிய உப்பு வண்டியை உவமை காட்டுகிறார். காதலைச் சொல்லவந்த இடத்திலும் உமணன் அடைந்த இழப்பு கரைந்து போகவில்லை.

நம் ஊர்ப் பேச்சுக்கு வருவோம். உப்பைத் தின்றவன் நன்றி மறக்கலாமா என்கிறோம். இங்கே உப்பு ஆகுபெயர். உண்ட சோற்றைக் குறிக்கிறது. சோறு போட்ட கையை நினைக்கச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் கூலி கூடக் கேட்டவன் வாயை அடைக்கவும் இதே சொல்தானே பயன்படுகிறது! கேட்டவன் உப்பளத் தொழிலாளியாகவே இருந்துவிட்டால்? அவன் விளைத்த உப்பை அவன் இலையில் வைத்துவிட்டு, நன்றி கேட்பவர் யார்? ஐப்பசி மழை இறங்கிப் பாத்திகள் மூழ்கிக் கூலியும் நின்றுபோகும் மாதங்களில், அவன் உலையில் உப்பிட வருபவர் யார்?