துயரிசையும் கேட்போர் பொறுப்பும்: அலிஸ் இன் செயின்ஸ் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலைஞன் பட்ட துயரம் அவனது கலைக்கு மதிப்பைத் தருகின்றதா, அன்றி அத்துயரத்துக்கு அவன் அளித்த வடிவம் மதிப்பைத் தருகின்றதா என்பது திறனாய்வுலகில் நெடுநாளாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் உருப்பெற்று 1990களின் தொடக்கத்தில் உலகறிந்த 'கிறஞ்ச்' எனும் றொக் இசைமரபை, சிறப்பாக அலிஸ் இன் செயின்ஸ் குழுவின் பாடல்களை, மதிப்பிட முனைவோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. அக்குழுவின் பாடகர் லேன் ஸ்ரேலி போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்டு, 2002 ஏப்ரலில் தமது 34ஆவது வயதில் மறைந்தார். அதன்பின், அவர் பாடியவை யாவும் அம்மரணத்தின் முன்னறிவித்தல்களாகவே பலராலும் கேட்கப்படுகின்றன. இவ்வாறு கேட்பது பாடல்களுக்கு நியாயம் செய்வதாகுமா என்பது ஆராயத்தக்கது.

1980களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோலோச்சிய றொக் இசை பெரும்பாலும் களியாட்டத்தின் இசையாகவே விளங்கியது. சியாற்றில் இளைஞர் அவ்வொப்பனையை நிராகரித்தனர். 'பங்க்' இசையின் கரடுமுரடான நேர்மையையும் 'ஹெவி மெற்றல்' இசையின் கனத்தையும் இணைத்து, தனிமை, அவமானம், வெறுமை ஆகியவற்றைப் பாடுபொருளாக்கினர். 1987இல் உருவான அலிஸ் இன் செயின்ஸ் குழு, 'மெற்றல்' மரபை மிக நெருங்கி நின்றது. 1990இல் வெளிவந்த 'ஃபேஸ்லிஃப்ற்', 1992இல் வெளிவந்த 'டேர்ட்' ஆகிய இசைத்தொகுப்புகள் அதன் தனித்துவத்தை நிலைநாட்டின.

அத்தனித்துவம் சொல்லில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வழமையான சுருதியினின்றும் தாழ்த்தப்பட்ட கிற்றார்களின் கனத்த நடை, கேட்போன் காலடியில் நிலம் அமிழ்வது போன்றதோர் உணர்வைத் தருகின்றது. நிலையாமையைப் பாடும் 'தெம் போன்ஸ்', ஏழு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் நடைபோடுகின்றது. எட்டை எதிர்பார்க்கும் செவிக்கு ஒவ்வொரு சுற்றும் ஓர் அடி முன்னதாகவே முறிகின்றது. வாழ்வு குறைப்பட்டு முடியும் என்ற அச்சத்தைத் தாளமே சொல்லிவிடுகின்றது. இவை அனைத்தினும் முதன்மையானது ஸ்ரேலியும் கிற்றார் கலைஞர் ஜெரி கன்ற்றெல்லும் இணைந்து பாடும் முறையாகும். இரு குரல்களும் ஒன்றையொன்று ஒட்டி, ஆயினும் ஒன்றாகிவிடாது, இணையாகச் செல்கின்றன. தனிமையைப் பாடும் பாடல்களிலும் பாடுபவன் தனியனாக விடப்படவில்லை. இம்முரணே இப்பாடல்களின் உயிர்நிலை எனலாம்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் இழவு, இளிவு ஆகிய இரண்டும் 'டேர்ட்' தொகுப்பை விளங்கிக்கொள்ளத் துணைபுரிவன. அதன் இறுதிப் பாடலான 'வுட்?', 1990 மார்ச்சில் போதையால் மாண்ட சியாற்றில் பாடகர் அன்ட்றூ வுட்டை நினைந்து கன்ற்றெல் இயற்றியது. அது இழவின் பாடல். ஆயினும் மாண்டவரைப் பழித்து எளிதில் தீர்ப்பு வழங்குவோரை நோக்கியும் அது வினவுகின்றது. 'றூஸ்ரர்' என்ற பாடலில் வியற்நாம் போரிற் பங்குகொண்ட தம் தந்தையின் நிலையில் நின்று கன்ற்றெல் பேசுகின்றார். தந்தை வாய்திறந்து கூறாததை மகன் பாடலாக்கும்போது, ஒரு நாட்டின் போர் ஒரு வீட்டின் மௌனமாக மாறிய வரலாறு வெளிப்படுகின்றது. கிறஞ்ச் இசையின் விரக்தி தனிமனித மனக்கோளாறு மட்டுமே என்போர்க்கு இப்பாடல் தக்க மறுமொழியாகும்.

இளிவின் பாடல்கள் ஸ்ரேலி இயற்றியவை. 'ஜங்ஹெட்' என்ற பாடலில் போதைக்கு ஆட்பட்டவன் இறுமாப்புடன் பேசுகின்றான். 'ஹேற் ரு ஃபீல்', 'அங்ரி செயார்' ஆகியவற்றை எட்டும்போது அவ்விறுமாப்பு தன்னிகழ்ச்சியாகச் சிதைந்துவிடுகின்றது. முதற்குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பவன் பாடலைக் கேட்டவனாகான். இது வெறும் கற்பனை அச்சமன்று. ரசிகர் சிலர் தம்மிடம் வந்து, தாமும் போதையில் இருப்பதாகப் பெருவிரலை உயர்த்திக் காட்டியதாகவும், அதுவே தாம் விரும்பாத விளைவு என்றும் 1996இல் வெளியான நேர்காணலொன்றில் ஸ்ரேலி வருந்தியுள்ளார். எச்சரிக்கை அழைப்பாகக் கேட்கப்பட்டது. பாடலின் ஆற்றலே அதற்கு ஒரு பகுதி காரணம் என்பதையும் மறுத்தல் நேர்மையாகாது. துயரத்தை அழகாக்கும் கலை எதுவும் இவ்விடரினின்று முற்றாக விடுபட்டதன்று.

இதன் மறுபக்கத்தில் வணிகம் நின்றது. சியாற்றில் இளைஞர் மலிவு கருதியும் குளிர் கருதியும் அணிந்த கட்டம்போட்ட சட்டைகளின் சாயல் 1992இன் இறுதியில் நியூயோர்க் ஆடைக்காட்சி மேடையில் விலையுயர்ந்த நாகரிகமாக உலவியது. விரக்தியும் விற்பனைப் பண்டமாகியது. பண்டமாகிய துயரத்துக்கு ஒரு பலியாள் தேவைப்படுகின்றான். பாடகனின் அழிவையே அவனது நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளும் மனப்பாங்கு அவ்வாறே வளர்ந்தது.

அம்மனப்பாங்கு தவறானது என்பதற்கு 'டவுன் இன் எ ஹோல்' பாடலே சான்று. ஸ்ரேலியின் குரலில் அதைக் கேட்பவர் பலர் அதனைப் போதையின் புலம்பல் எனக் கொள்வர். உண்மையில் அது கன்ற்றெல் தம் காதலியை எண்ணி இயற்றிய பாடல். வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு பாடலை அளப்பவர், பாடல் கூறுவதைக் கேளாது தாம் அறிந்ததையே திரும்பக் கேட்கின்றனர்.

1994இல் வெளிவந்த 'ஜார் ஒவ் ஃபிளைஸ்', அமெரிக்க இசைத்தொகுப்புப் பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்த முதலாவது குறுந்தொகுப்பாகும். அதிலுள்ள 'நட்ஷெல்' பாடலுடனேயே, 1996 ஏப்ரல் 10ஆந் திகதி நியூயோர்க்கின் புறூக்ளினில் மின்னொலிப் பெருக்கமற்ற இசைக்கருவிகளுடன் நிகழ்ந்த அரங்கு தொடங்கியது. மெலிந்து தளர்ந்த ஸ்ரேலியை அதிற் காண்போர் மரணத்தைக் காண்பதாகவே கூறுவர். ஆயினும் செவிகொடுத்துக் கேட்பின் புலப்படுவது வேறு: உடல் தளர்ந்த நிலையிலும் சுருதி பிசகாது தோழனின் குரலோடு இணைய முயலும் ஓர் உழைப்பாளியின் கவனம். அது அழிவின் விளைவன்று. அழிவுக்கு எதிராக நின்ற தேர்ச்சியின் விளைவு.

2009இல் குழு மீண்டும் தொகுப்பொன்றை வெளியிட்டபோது, அதன் தலைப்புப் பாடலை ஸ்ரேலியின் நினைவாகக் கன்ற்றெல் இயற்றிப் பாடினார். இருவர் குரலில் அமைந்த கலையில் ஒருவர் எஞ்சி நின்று மற்றவரைப் பாடும் அவலம் அது. இப்பாடல்களை மதிப்போர் ஸ்ரேலியின் மரணத்தை அவரது கலையின் மகுடமாகக் கொள்ளலாகாது. அம்மரணம் ஓர் இழப்பு. பாடல்கள் அதனால் உயர்ந்தனவல்ல, அதனால் நின்றுபோயின.