இரவுச் சோற்றுக்குப் பிறகு ஒரு கதை

அம்மா விடியற்காலையில் தோட்டத்துப் பிரட்டுக்கு ஓடுகிறார். அப்பா கடைக்கோ கண்டி பஸ்ஸுக்கோ ஓடுகிறார். பிள்ளைக்குப் பாடசாலை, அது விட்டால் ரியூசன். மாத்தளைப் பக்கத்தில் இப்படி ஓடும் வீடுகளுக்குத் தடித்த நாவலைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. நாலாம் நாள் அது அலுமாரிக்குள் போய்விடும். சிறுகதைதான் சரி. கிழமைக்கு இரண்டு இரவு, ஒரு கதை, பதினைந்து நிமிடம், வாய்விட்டு வாசிப்பு. இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நல்ல சிறுகதைக்கு வெளியூர் போகவும் வேண்டாம். 1980இல் வந்த ‘தோட்டக்காட்டினிலே’ தொகுப்பில் எழுதிய மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூவரும் நம்மூர்க்காரர்கள். மலரன்பனின் ‘கோடிச்சேலை’, வடிவேலனின் ‘வல்லமை தாராயோ’ என்று தனித்தனித் தொகுதிகளும் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

புத்தகத்தைத் திறந்ததும் கதைக்குள் பாயாதீர்கள். தலைப்பில் நில்லுங்கள். ‘கோடிச்சேலை’ என்றால் என்ன என்று பிள்ளையிடம் கேளுங்கள். கோடி ரூபாய்ச் சேலையா என்றுகூடக் கேட்கும். கேட்கட்டும். பிறகு அப்பாயியிடம் திருப்பிவிடுங்கள். கோடி என்றால் புதுத்துணி என்பார். கல்யாணத்திலும் கோடி உண்டு, சாவு வீட்டிலும் கோடி உண்டு என்று சொல்லத் தொடங்குவார். யார் யாருக்கு எப்போது கோடி எடுத்தார்கள் என்று பேச்சு நீளும். அன்றைக்குக் கதை தொடங்காமலே போனாலும் நட்டமில்லை. அந்தச் சொல்லின் கனம் தெரிந்த பிறகு கதையை வாசிப்பது வேறு அனுபவம்.

கதைக்குள்ளும் இதே வேலைதான். பேர், அரைப்பேர், கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம், இஸ்தோப்பு. தோட்ட வாழ்வின் சொற்கள் இவை. நகரத்தில் வளரும் பிள்ளைக்கு அரைப்பேர் என்றால் விளங்காது. கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளம்தான் என்று அதை வாங்கியவர் வாயால் கேட்கும்போது கணக்கும் வலியும் சேர்ந்தே விளங்கும். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் பேச விடுங்கள்.

உரையாடல் வரும் இடங்களை வீட்டில் பேசுகிறபடியே வாசியுங்கள். செந்தமிழாக்கித் திருத்த வேண்டாம். லயத்துப் பேச்சை வெளியில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் அப்பாயி பேசும் பேச்சு அச்சில் இருப்பதைக் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கதைகளை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

ஏன் வாய்விட்டு? மனதுக்குள் வாசித்தால் ஒருவருக்கு மட்டும்தான் கதை கிடைக்கும். வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்தால் அடுப்படியில் நிற்பவருக்கும் கிடைக்கும், எழுத்துத் தெரியாத தாத்தாவுக்கும் கிடைக்கும். வாய்விட்டுச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. நம் நகரத்துக்கு அருகிலுள்ள அலுவிகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறையான திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள். அதுவரை அதை வாயால் ஓதித்தான் காத்தார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு சிபில் வெத்தசிங்க 1956இல் படம் வரைந்து எழுதிய ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன். சிங்களப் பதிப்புக் கிடைத்தாலும் விடாதீர்கள். நம் ஊர்ப் பெற்றோர் பலருக்குச் சிங்களம் வரும், படத்தைக் காட்டித் தமிழில் சொல்லலாம். கதை நடப்பது குடையே கண்டிராத ஊரில். மழைக்கு வாழையிலையையும் சாக்கையும் தலையில் போட்டுப் போகிறார்கள். கிரி மாமா நகரத்தில் குடை வாங்கி வருகிறார், அது காணாமல் போகிறது. அடுத்ததும் போகிறது. திருடன் யார் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்தை உடனே புரட்டாமல், மழையில் யார் எதைப் போர்த்திப் போகிறார்கள் என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். சாக்குப் போர்த்தியவரைக் கண்டதும் கொங்காணி போட்டு மலையேறிய கதையை அப்பாயி எடுப்பார்.

பாட்டுக்கு சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் இருக்கின்றன. தாளில் இருப்பது பாதிப் பாட்டுத்தான். மெட்டு வீட்டுப் பெரியவர்களின் தொண்டையில் இருக்கிறது. முதல் அடியை நீங்கள் வாசியுங்கள், மீதியை அவர்கள் பாடினால் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

புத்தகத்துக்குக் காசு ஒதுக்க முடியாத வீடுகள் எத்தனையோ. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணைய நூலகத்தில் மலையக நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். முன்கூட்டியே தரவிறக்கிவிட்டு, வாசிக்கும்போது டேட்டாவை நிறுத்திவிடுங்கள்.

நாலைந்து கதை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்புள்ளையிலிருந்து நாலந்தை வழியாக மாத்தளைக்குப் பிள்ளைகளோடு பஸ்ஸில் வாருங்கள். மன்னாரில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த நம் முன்னோர் வந்த வழி அது. நடந்த களைப்பிலும் நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் நினைவாக 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில்தான் முடிந்தது. யன்னலோரம் பிள்ளையை இருத்தி, கதையில் வந்தவர்களின் முன்னோர் இந்த வழியில்தான் நடந்து வந்தார்கள் என்று சொல்லுங்கள்.

அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். கதை வாசிப்பதையும் அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். இன்றிரவு முதல் கதையை நீங்கள் வாசியுங்கள். அவர் உட்கார்ந்து கேட்கட்டும்.