சென்சாருக்கு மதிப்பெண், சிக்கனத்துக்கு இல்லை

உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில்தான் கல்லூரி ஆய்வகங்களில் சென்சார்கள் ஏறுகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பல ஆண்டுகளாகப் புழங்கிய மதிப்பீட்டுப் படிவத்தின் ஏழாவது பிரிவு, மின்சிக்கனத்துக்கு ஐந்து வசதிகளை அடுக்கியது: சூரிய மின்சாரம், சாண எரிவாயு, உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்குத் தருவது, சென்சார்வழிச் சேமிப்பு, எல்இடி விளக்குகள். நான்கு இருந்தால் முழு மதிப்பெண். புகைப்படமும் ரசீதும் ஆதாரம். எத்தனை யூனிட் குறைந்தது என்று எழுத அங்கே கட்டமே இருக்கவில்லை.

இதைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "முதலில் கருவி வரட்டும். கணக்குக் கண்ணில் பட்டால் சிக்கனம் தானாக வரும்." ஓட்டப்பிடாரம் கரிசல் காட்டில் காற்றாலைகள் சுற்றுவதையும், கிழக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிவதையும் சேர்த்தே பார்ப்பவன் நான். மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அது தானாக வரும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கருவிக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஐடி மும்பையிலும் ஐஐஐடி டெல்லியிலும் கட்டடங்களில் மீட்டர் பொருத்தி ஆராய்ந்தவர்கள் உருப்படியான வேலை செய்திருக்கிறார்கள். ஆளில்லாத வகுப்பில் ஓடும் ஏசியை நிறுத்த இது நல்ல வழி. ஃப்ரீசரின் கம்ப்ரசர் தளர்வதை, அது நிற்பதற்கு முன்பே அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு காட்டிக்கொடுக்கும்.

ஆனால் ஆய்வகம் வகுப்பறை இல்லை. மைனஸ் 80 டிகிரியில் ஓடும் பழைய ஃப்ரீசர் ஒன்று நாளைக்கு 20 யூனிட் வரை இழுக்கும். 20 வாட் எல்இடி டியூப்லைட்டைப் பத்து மணி நேரம் எரித்தாலும் கால் யூனிட்கூட ஆகாது. நூறு விளக்குகளை அந்தப் பத்து மணி நேரமும் அணைத்துவைத்தால்தான் ஒரு ஃப்ரீசருக்கு ஈடாகும். அந்த ஃப்ரீசரையே மைனஸ் 70-க்கு மாற்றினால் 30 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாம். அதற்கு வைஃபை வேண்டாம். உள்ளே இருக்கும் மாதிரிகள் மைனஸ் 70-ல் தாங்குமா என்று தெரிந்து, தெரிந்த பிறகு மாற்றத் துணிகிற ஆள் வேண்டும். நச்சுப்புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹூடும் அப்படித்தான். குளிரூட்டிய காற்றையெல்லாம் அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஹார்வர்டில் அதன் கண்ணாடிக் கதவை இறக்கி மூடும் பழக்கத்தை ஆய்வகங்களுக்கிடையே போட்டி வைத்து வளர்த்தார்கள்.

என் நெடுநாளைய மறுப்பு இங்கேதான் இருக்கிறது. எதை எப்போது நிறுத்தலாம் என்பது ஆய்வக உதவியாளரின் அறிவு. சென்சார் அறையில் அசைவு உண்டா என்று பார்க்கும், தொட்டியில் உயிர் இருப்பது அதற்குத் தெரியாது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் வளர்ப்பு முத்து எடுத்தது. 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கியது. அப்படிப்பட்ட ஆய்வகங்களில் இரவில் ஆள் நடமாட்டம் இராது, காற்று ஊதும் ப்ளோயர் மட்டும் ஓடும். அது நின்றால் குஞ்சுகள் போச்சு. "ஆளில்லை, அதனால் அணை" என்ற விதி இங்கே செல்லாது. எனவே பெரிய சுமைகளையெல்லாம் விதிவிலக்கில் தள்ளிவிட்டு, வராந்தா விளக்கைச் சென்சாரிடம் கொடுக்கிறார்கள். படத்துக்கு அது போதும்.

எச்சரிக்கை அலாரம் இருந்தாலும் அதைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். அமெரிக்காவில் ரென்சலர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் 2020 செப்டம்பரில் ஒரு ஃப்ரீசரின் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அணைக்க வேண்டாம் என்று அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் சுற்றுப் பிரேக்கரை இறக்கிவிட, உள்ளே வெப்பநிலை மைனஸ் 32 வரை ஏறிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி அழிந்தது என்று பல்கலைக்கழகம் 2023-ல் துப்புரவு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அலாரம் தன் வேலையைச் செய்தது. கேட்டவருக்குப் பொருள் புரியவில்லை. அந்தப் பணியாளரை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் நாள்கணக்கில் இல்லை. இணையத்தை நம்பிய எச்சரிக்கை அப்படிப்பட்ட நாளில் யார் கைக்குப் போகும்? மின்சாரம் திரும்பும்போது சில ஸ்மார்ட் ப்ளக்குகள், நாம் முன்கூட்டியே மாற்றி வைக்காவிட்டால், அணைந்தபடியே நிற்கும். ஃப்ரீசரை அதில் மாட்டியவர் இதைப் படித்திருப்பாரா?

கருவி ஓரிடம், பொறுப்பான ஆள் வேறிடம் என்ற ஓட்டை மின்கட்டணத்திலும் உண்டு. உயரழுத்த இணைப்புள்ள கல்லூரி யூனிட்டுக்கு மட்டுமின்றி டிமாண்டுக்கும் பணம் கட்டுகிறது. பதிவான உச்ச அளவு அல்லது ஒப்பந்த அளவில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்கு. சுமை எவ்வளவு குறைந்தாலும், ஒப்பந்த அளவைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்காதவரை அந்த 90 சதவீதத்துக்குக் கீழே தொகை இறங்காது. விண்ணப்பம் எழுத வேண்டியவர் அலுவலகத்தில் இருக்கிறார். சுவிட்சு ஆய்வகத்தில் இருக்கிறது. எந்தத் துறை எவ்வளவு இழுக்கிறது என்று துறைத்தலைவருக்கே தெரியாது.

நாக் 2024 ஜனவரியில் அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறையை அறிவித்தது. கேள்விகளைத் திருத்த இதுவே நேரம். புகைப்படத்துக்குப் பதிலாக மூன்று ஆண்டு மின்பில்லைக் கேளுங்கள், ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் தனி மீட்டர் கணக்கைக் கேளுங்கள், அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். ஆய்வக உதவியாளர் பணியிடத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சென்சார் ரசீதை நீட்டும் கல்லூரிக்கு அந்தக் கேள்வியில் ஒரு மதிப்பெண்ணும் தராதீர்கள்.