அன்னப் பார்ப்பும் ஆசைக் கிளியும்

நான் பட்டம் பெற்ற புலவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக டில்லிக்கு வந்து, கடையை மூடிய பிறகு கிடைத்த நேரத்தில் நூல்களைப் புரட்டியவன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

சீவக சிந்தாமணியை 'மணநூல்' என்கிறோம். 1887-ல் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அன்றிலிருந்து மேடைகளில் பேசப்படுவது சீவகனின் மணங்கள், காந்தருவதத்தையின் யாழ், விசயை ஏறிப் பறந்த மயிற்பொறி இவைதான். 13 இலம்பகங்களும் 3,145 பாடல்களும் கொண்ட அந்தக் காப்பியத்தின் ஆணிவேர் ஒரு பறவைக் குஞ்சு என்பதை எடுத்துச் சொல்பவர் குறைவு.

அந்தச் செய்தி கடைசியாக உள்ள முத்தி இலம்பகத்தில் வருகிறது. அரசு எய்தி, இன்பம் எல்லாம் துய்த்த சீவகன், சாரண முனிவரிடம் தன் முற்பிறப்பைக் கேட்கிறான். அப்பிறப்பில் அவன் அசோதரன் என்னும் அரச குமாரன். தாமரைப் பொய்கையில் இருந்த அன்னப் பார்ப்பு ஒன்றைப் பிடித்து வந்து வளர்த்தான். பார்ப்பு என்றால் குஞ்சு. அடித்தானா? இல்லை. கொன்றானா? அதுவும் இல்லை. ஆசையாகத்தான் வளர்த்தான். தந்தை பவணமாதேவன் இது தகாது என்று எடுத்துச் சொன்னதும் மனம் மாறினான், பிறகு துறவும் பூண்டான். அப்படியும் கணக்குத் தீரவில்லை. குஞ்சைச் சுற்றத்திலிருந்து பிரித்த வினை மறுபிறப்பில் வந்து பற்றியது. சீவகன் சுடுகாட்டில் பிறந்தான், தந்தையை இழந்தான், தாயைப் பிரிந்து கந்துக்கடன் என்ற வணிகன் வீட்டில் வளர்ந்தான்.

இவ்வளவு பெரிய செய்தியைத் திருத்தக்கதேவர் இத்தனை தள்ளி வைத்தது குறைதானே என்று இளவயதில் நினைத்தேன். படிப்பவர் களைத்துப்போன இடத்தில் அல்லவா வருகிறது? இப்போது அப்படி நினைக்கவில்லை. நான் வியாபாரி. சரக்கை அனுபவித்து முடித்த பிறகுதான் பாக்கிச் சீட்டு கைக்கு வரும். வாசகனும் காப்பிய இன்பத்தை எல்லாம் சுவைத்து முடித்த நேரம் பார்த்துத் தேவர் பேரேட்டைத் திறக்கிறார்.

இன்னொரு சமண நூலான யசோதர காவியத்தோடு இதை ஒப்பிட வேண்டும். அங்கே மன்னன் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். அந்த வினையால் மயிலாகவும் கோழியாகவும் இன்னும் பல உயிர்களாகவும் பிறந்து துன்புற்றான். உயிரில்லாத கோழி ஆனாலும் கொல்லும் எண்ணம் இருந்ததால் பாவம் என்பது நமக்கு எளிதில் விளங்கும். சிந்தாமணி கேட்பது அதைவிடச் சங்கடமான கேள்வி. கொல்லும் எண்ணமே இல்லை, அன்பு மட்டுமே இருந்தது. அதுவும் பாவமா?

விடை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இருக்கிறது. இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு வரும் குற்றங்கள் ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். முதலில் நிற்பது கட்டிவைத்தல் என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் நான் படித்தே இருந்தேன். ஆனாலும் என் வீட்டு பால்கனியில் நாலு வருஷம் ஒரு பச்சைக்கிளி கூண்டில் இருந்தது. மகளுக்காகப் பழைய டில்லியில் வாங்கியது. பெயர் மிட்டு. கொய்யாப்பழம், பச்சைமிளகாய், ஊறவைத்த கடலை என்று ராஜோபசாரம்தான். பறந்து போகாதபடி சிறகை வெட்டித்தான் விற்றார்கள், நானும் கேள்வி கேட்காமல் வாங்கினேன். பொழுது சாய்ந்தால் உணவு தொடாதவன் நான்! ஒரு கோடையில் அது சோர்ந்து விழவே, செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். உடம்பு தேறி, சிறகு முளைத்ததும் திறந்து விட்டுவிடுவோம், திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. வெறுங்கூண்டோடு வீடு திரும்பிய அன்று இரவு முத்தி இலம்பகத்தை மறுபடி எடுத்தேன். அதற்கு முன் பலமுறை படித்த பாடல்கள்தான். அன்றைக்குத்தான் அசோதரன் யார் என்று புரிந்தது.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மைனா, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது குற்றம். இதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூண்டிலேயே பிறந்த வெளிநாட்டு 'லவ் பேர்ட்ஸ்' வகைகளை வெளியே விடுவதும் கொடுமை, அவற்றுக்கு இரை தேடத் தெரியாது. வைத்திருப்பவர்கள் பெரிய கூண்டும், துணைக்கு இன்னொன்றும், தினமும் கீரையும் கொடுங்கள். சமையலறைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து வரும் புகை அவற்றின் உயிரைக் குடிக்கும்.

கடைசியாக ஒன்று. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைக் கொண்டாடுகிறோம். ஆனால் பரணரே அதைக் 'கொடைமடம்' என்ற சொல்லால்தான் குறித்தார். மடம் என்றால் அறியாமை. புகழ்ச்சியாகவே சொன்னாலும் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. 2025-ல் மும்பையில் தாதர் கபூத்தர்கானாவை மூடியபோது சமணர் பலர் வருந்தினார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் புறா எச்சத்தின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் சொல்லும்போது, நெருக்கடியான தெருவில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதும் கொடைமடம் என்றுதான் எனக்குப் படுகிறது. எது தேவை என்று அறிந்து கொடுப்பதுதான் ஜீவகாருண்யம்.

டில்லி வெயிலில் பறவைக்குத் தேவை தண்ணீர். என் பால்கனியில் இப்போது கூண்டு இல்லை, அகலமான மண்சட்டி ஒன்று இருக்கிறது. தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுகிறேன். மாலையில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். அதில் மிட்டு இருக்கிறதா என்று தெரியாது. எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.